காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்

டோமிஸ்
என்பதோடு நின்றுவிட்டது கல்.

புந்தா அரேனாஸில் ஆகஸ்ட் மாதம்.
நீரிணைக் காற்று மின்கம்பியைக் கவ்வி உதறியதில்
பட்டறைக் கணினி ஒருமுறை இருமியது.
கருகிய வெங்காய வாடை.
அவ்வளவுதான்.
லாவ் குசானோவிச் பாக்கி.
பிறந்த ஆண்டு பாக்கி, மற்ற ஆண்டும்.

மறுநாள் எலாடியோ
புதுத் தாய்ப்பலகையைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு வந்தான்.
ஐந்து திருகு, நான்கு கேபிள், ஒரு கெட்ட வார்த்தை.
விசிறி சுழன்றது, திரை விழித்தது.
அதே வட்டு, அதே கோப்புகள், அதே பூனைப் படம்.
கல்லெழுத்து மென்பொருள் மட்டும்
ஸூனில்தாவை மேலும் கீழும் பார்த்தது:
இந்தக் கணினியை எனக்குத் தெரியாது.

விசைப்பலகை இடுக்கில் நான்கு வருஷத்துக் கல்தூள்.
அவள் விரல் தேய்த்துத் தேய்த்து
ஒரு விசையில் எழுத்தே இல்லை.
அதெல்லாம் சாட்சி ஆகாதாம்.
தாயின் எண் மாறினால் ஆளே வேறாம்.

உரிமம் இரண்டு கணினிக்கு.
ஒன்று போன குளிர்காலம் காப்பி குடித்துச் செத்தது,
இன்னொன்று நேற்று.
இரண்டு நாற்காலியிலும் பிணங்கள் உட்கார்ந்திருக்க
உயிரோடு இருப்பது வாசலில் நிற்கிறது.

பழைய கணினியைத் திறந்து
அதிலிருந்தே உரிமத்தை விடுவிக்கவும்
என்றது வழிமுறை.
செத்தவன் கையில் வெற்றிலை பாக்கா என்று
அந்த வரியை எழுதியவனை யாராவது கேட்டிருக்கலாம்.
ஸூனில்தா கேட்டது வேறு.
அதை இங்கே எழுத முடியாது.

தொலைபேசி. பதிவுசெய்த பெண்குரல்.
அறுபத்து மூன்று இலக்கங்கள், ஏழேழாக.
ஆறு அவர்கள் பேச்சில் ஸேய்ஸ், ஏழு ஸியேத்தே.
தகரக் கூரையில் காற்று விழும்போது
இரண்டும் ஒரே சீழ்க்கை.
நான்காம் வரிசையில் பிசகியது. முதலிலிருந்து.
எட்டாம் வரிசையில்.
முதலிலிருந்து.
எலாடியோ தலையில் கைவைத்துக்கொண்டான்.
அவளுக்கு அலுக்கவில்லை.
ஓர் இலக்கம் தவறினால் ஒரு கருங்கல் போச்சு என்கிற தொழில்.
எண்களை அவள் சொல்வதில்லை,
வெட்டுகிறாள்.

பிறகு அந்தக் குரல் காரணம் கேட்டது.
பழைய கணினியை விற்றிருந்தால் ஒன்றை அழுத்தவும்.
தானம் கொடுத்திருந்தால் இரண்டு.
திருட்டு, மூன்று.
மேல்நிலைக்கு மாற்றம், நான்கு.

செத்துப்போனதற்கு எண் இல்லை.

அவள் கல்லைப் பார்த்தாள்.
உறங்குகிறார் என்று வெட்டியிருக்கிறாள்,
புறப்பட்டார் என்று,
நண்டுப் படகுக்காரர் ஒருவருக்கு
வலையைச் சுருட்டிக்கொண்டார் என்று.
இருபத்தாறு வருஷத்தில் ஒருவர்கூட
செத்தார் என்று எழுதக் காசு கொடுத்ததில்லை.
சிரிப்பு வந்தது. எலாடியோவுக்குப் புரியவில்லை.
நான்கை அழுத்தினாள்.

ஊசி இறங்கியது.
எவ்வளவு அளந்து வைத்தும்
ஸ்-க்கும் லா-வுக்கும் நடுவே
ஒரு நெல் தடிமன் விலகல்.

வெள்ளிக்கிழமை தானிட்சா வந்தார், கையுறையைக் கழற்றினார்.
அந்த இடத்திலேயே விரல் நின்றது.
ஸூனில்தா வேறு கல் தருவதாகச் சொல்ல வாயெடுத்தாள்.

வேண்டாம், என்றார்.
பெயரைக் கேட்டால் அவர் இப்படித்தான்,
பாதியில் இருமுவார்.