இரண்டு மதிப்பெண்

பத்தாம் வகுப்பு அரையாண்டில்
பனியாறு அரித்த பள்ளத்தாக்கை வரையச் சொன்னார்கள்.
நான் 'வி' போட்டேன்.
ஆறு அரித்தால்தான் 'வி',
பனி அரித்தால் 'யூ' என்று
சிவப்பு மையில் எழுதி
இரண்டு மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டது
தண்டையார்பேட்டை மாநகராட்சிப் பள்ளி.
நானும் விட்டுவிட்டேன்.
பனி என்றால் அப்போது எனக்கு
மார்கழி விடியலில்
லாரிக் கண்ணாடியில் விரலால் பேர் எழுத உதவுவது.

பதினேழு வருஷமாகக் காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
ராத்திரி ஷிப்ட்.
உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள்
தகர டப்பாக்கள் வரிசையாய் நின்று உறையும்.
கிரேன் தூக்கும், கவிழ்க்கும்,
பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.
கொக்கி போட்டு இழுத்தால்
நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்.
கொக்கி தவறினால்
காலைத் தேடிக்கொண்டு வரும்.
சூசைக்கு இடது கால் கட்டைவிரல் இல்லை.

தரையை யார் பார்த்தார்கள்?
அதன்மேல் எப்போதும் தண்ணீர், ஐஸ் தூள்,
லாஞ்சுக்காரன் அவசரம்.

தடைக்காலம் வந்தது.
அறுபத்தோரு நாள் படகு போகாது.
மோட்டாரை நிறுத்தியதும்
காதுக்குள் ஒரு காலி இடம்.
மூன்றாம் நாள் தரை காய்ந்தது.
துடைப்பத்தோடு போனவன்
அப்படியே நின்றேன்.

தொட்டி வாசலிலிருந்து கிரஷர் வாய் வரை
சிமெண்டில் ஒரு பள்ளம்.
ஒரு பார் அகலம், நாலு விரல் ஆழம்.
தட்டையான அடி, செங்குத்தாய் ஏறும் கரை.
யூ.
சந்தேகமே இல்லை, யூ.
ஜல்லியெல்லாம் பளபளவென்று தேய்ந்து
பார் போன திசையிலேயே கோடு கோடாக.
ஐஸ் தனியாக அறுக்காது,
அடியில் ஒட்டிக்கொண்ட மணல்தான் அறுக்கும்.

சின்னத் தொட்டியின் பள்ளம்
பக்கவாட்டில் வந்து சேர்கிறது.
ஆனால் சேரவில்லை.
அங்கே பார் குறைவு, தேய்வும் குறைவு.
பெரிய பள்ளத்துக்கு இரண்டு விரல் மேலேயே
அந்தரத்தில் நின்றுவிட்டது.
அதில் தண்ணீர் விட்டால் அருவி.
விட்டுப் பார்த்தேன், ஒரு சொம்பு.
அருவிதான்.

கிரஷருக்கு முன்னால் ஒரு மேடு:
மணல், சோடா மூடி, மரையாணி,
வஞ்சிரச் செதில்,
யாருடையதோ கண்ணாடி வளையல் துண்டு.
மொரைன்.
வாயில் நுழையாத பேர் என்று நினைத்திருந்தேன்.
மெதுவாகச் சொன்னால் நுழைகிறது.

பிரேம்சிங்கைக் கூப்பிட்டேன்.
கம்ப்ரசர் பார்க்கிறவன். இமயமலைப் பக்கம்,
மூன்று தரம் சொல்லியும் எனக்குப் பிடிபடாத ஊர்.
குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான்.
தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சி எடுத்துப்
பள்ளத்துக்குள் போட்டான். "பஸ்."
இன்னொன்றை அந்தரப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தான்.
"நம்ம வீடு. பஸ் வர்றது நல்லாத் தெரியும்.
எறங்கிப் போறதுக்குள்ள பஸ் போயிடும்."
சிரித்தோம்.
பிறகு தரையில் ஒரு விரலை ஊன்றினான்.
"நான் பையனா இருக்கசொல்ல ஐஸ் இங்க வரைக்கும்."
"இப்ப?"
விரல் பள்ளத்தோடு பின்னால் நகர்ந்தது,
எழுந்து அதன் கூடவே நடந்தான்,
தொட்டி வாசலுக்குள் போன கையின் நுனி
நான் நின்ற இடத்துக்குத் தெரியவில்லை.

தேசிங்கு கொத்தனாரை முதலாளி அனுப்பியிருந்தார்.
பள்ளத்தைப் பார்த்து,
"ரெண்டு மூட்ட" என்றார்.
ஓரத்தில் இருந்த வீட்டை எடுத்து
சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் உரசி
பீடி பற்றவைத்தார்.
மாலைக்குள் மட்டப்பலகை ஓடி முடிந்தது.
பஸ் உள்ளேயே இருக்கிறது.

தடை முடிய எட்டு நாள் இருக்கையில்
மோட்டார் போட்டார்கள்.
முதல் பார் வெளியே வந்தது.
எந்த வழியாய்ப் போவதென்று தெரியாமல்
குறுக்கே திரும்பிச் சுவரில் மோதியது.
சூசை தாண்டிக் குதித்துக் கெட்ட வார்த்தை சொன்னான்.
அடியில் ஒரு பொடி மணல் இருந்திருக்க வேண்டும்.

புதுச் சிமெண்டில்
முடி கனத்துக்கு ஒரு கோடு.