தெற்கு மூலை

அடுக்கம்பாறை. ராத்திரி இரண்டே முக்கால்.
அணைக்கட்டிலிருந்து ஓர் ஆட்டோ.
அதில் ஒரு பெண், பக்கத்தில் தம்பி,
அவன் மடியில் பூஸ்ட் பாட்டில்,
பாட்டிலுக்குள் தலை நசுங்கிய பாம்பு.

"கட்டுவிரியன் மேடம், எனக்குத் தெரியாதா இன்னா.
கரண்ட் பூட்ச்சி, வெக்க தாங்காம
அக்கா தரைல படுத்துச்சி."

பேர் கேட்டேன்.
"வேண்டா."
சீட்டு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார்,
ஊசிதான் வேண்டாமென்கிறாள் போல என்று.
மூன்றாவது பெண்ணாம். பேரே அதுதான்.

பத்துக் குப்பி மருந்து பிரிட்ஜில் இருக்கிறது.
டார்ச் அடிக்கிறேன்.
மேலே பார். மின்விசிறியைப் பார். பார்த்துக்கொண்டே இரு.
இமை சரியவில்லை.
அவள் ரத்தம் கண்ணாடிக் குழாயில்
இருபது நிமிஷம் அசையாமல் நிற்கவேண்டும்.
அதற்குள் பாட்டிலை ட்ரேயில் கவிழ்த்தேன்.

கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே வெறுங்கறுப்பு,
போகப்போகத்தான் வெள்ளை, இரண்டிரண்டு கோடாய்.
இதற்குக் கழுத்திலேயே பட்டை தொடங்கி
வாலுக்குள் மங்கிவிடுகிறது,
பழைய பஸ் பாஸில் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி.
நடுமுதுகில் அறுகோணச் செதில் இல்லை.
வாலடிச் செதில்கள் இரட்டை.
நாகத்துக்குப் பங்காளி இல்லை இது.
வெள்ளிக்கோல் வரையன்.
முன்பல் நீளம், அதில் விஷம் கிடையாது.
விரியன் வேஷம் போட்டதற்கு
விரியனுக்கு விழவேண்டிய அடி.

வயிறு புடைத்திருந்தது. கீறினேன்.
பல்லி.
தலை கரைந்துவிட்டது,
வால் இன்னும் முழுசாய்.

தம்பி எட்டிப் பார்த்தான்.
"இது எங்கூட்டுதுதான் மேடம்!
எட்டு மணிக்கு தெற்கு மூலைல சொல்லிச்சி.
அக்கா காலண்டர் அட்டையத் திருப்பி
பலன் பாத்துச்சி."

என்ன பலன்?

தலையைச் சொறிந்தான்.
"நல்ல சாப்பாடுன்னு போட்டிருந்துச்சி."

ரத்தம் உறைந்துவிட்டது.
ஆனாலும் விடியும்வரை
அரைமணிக்கொருதரம் எழுப்பி
மேலே பார் என்றேன்.
செதிலை எண்ணியவள் நான்தானே,
முப்பது மணிநேரம் தூங்காத கண்.

ஐந்தரைக்கு, முதல் பஸ் ஹாரன் கேட்டபோது,
டார்ச் அடிக்குமுன்பே விழித்திருந்தாள்.
கட்டிலுக்கடியில் மூடிவைத்த ட்ரேயைக் காட்டி
மெதுவாய்ச் சொன்னாள்:
"அது பாவம், சாப்ட்டுட்டுப் படுத்துனு இருந்துக்கும்.
நான்தான் பொரண்டுட்டேன்."