மூன்று புள்ளி பூஜ்யம்

சிம் லிம் ஸ்குவேர், மூன்றாம் மாடி.
இடிமுழக்கத்துக்கு விலை சொன்னான் கடைக்காரன்:
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
எங்களிடம் ஆயிரத்து அறுநூறு,
அதிலும் ஏர்கான் கழுவ எண்பது போய்விடும்.

"பின்பக்க ரெண்டும் வேணாம்" என்றாள் மாதங்கி,
"நமக்குப் பின்னால வெறும் சுவர்தானே."
சப்வூஃபரை நானே விட்டுக்கொடுத்தேன்:
நாற்காலி நகர்ந்தாலே
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார்
கீழ்வீட்டு மேடம் கோ.

நடுவில் வைப்பதை மட்டும் நல்லதாக வாங்கினோம்.
பேச்சு அதில்தான் வருமாம்.

ஈசூன், இரவு பதினொன்று.
அளவெடுக்கும் மைக்கைக்
கேட்பவர் தலை இருக்குமிடத்தில்
வைக்கச் சொன்னது கையேடு.
சத்தமே கூடாது.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
சோபாவின் இரு முனைகளிலும்
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம்.
மைக் நடுவில்,
யாரும் உட்காராத இடத்தில்.