பொத்தானில் இடம் இல்லை

என் வேலை இது:
ஆப்பில் நீங்கள் எதையோ வாங்கப் போகையில்
கட்டைவிரலுக்கும் திரைக்கும் நடுவில்
ஒரு வரி தமிழை நிறுத்தி வைப்பது.
வரிக்கு நாலு வெள்ளி.

ஊர் பத்தாங் பெர்சுந்தை.
பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும்,
என் வாய்க்கு அது இன்னும் பழகவில்லை.
மின்சாரச் சாமான் கடைக்கு மேல் அறை.
கீழே செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால்
கோப்பைத் தேநீரில் வட்டம் விழும்.

கோலாலம்பூரிலிருந்து பைசுரா மலாயில் அனுப்பினாள்:
பெர்லு அத்தாவ் மாஹு?
தேவையா, ஆசையா என்று எழுதிக் கொடுத்தேன்.
சோதனைக்கு உட்கார்ந்த பதினோரு பேரும்
வாத்தியார் கேட்பதுபோல் இருக்கிறது என்றார்களாம்.
வீட்டில் கேட்பதுபோல் எழுது.

வீட்டில் நாம் கேட்பது ஒரே சொல்.
வேணுமா?
சோறு வேணும்.
சோற்றுக்கு மேல் அப்பளம் வேணும்.
மழை வேணும், சம்பளம் வேணும்,
ஆறரை அங்குலத் திரை வேணும்.
விழுந்தவனைப் பார்த்து, நல்லா வேணும்.
இந்தச் சொல்லை நடுவில் பிளந்து
இது தேவைப் பாதி, இது ஆசைப் பாதி என்று
எடுத்துக் கொடுக்க
என்னிடம் கத்தி இல்லை பைசுரா.

சரி, பொத்தானையாவது மாற்று என்றாள்.
பொறுத்திருந்து வாங்கலாம் என்று எழுதினேன்.
பொத்தான் சின்னது.
அன்றிரவு எல்லாக் கைப்பேசியிலும்
'பொறுத்திருந்து வா' என்று தொங்கியது,
யாரோ யாரையோ
கொல்லைப்பக்கம் வரச் சொன்னதுபோல.

பிறகு போதும் என்று போட்டேன்.
மூன்றே எழுத்து, கச்சிதம்.
ஆனால் நம் பந்தியில்
போதும் போதும் என்று கை மறைத்த பிறகுதான்
இன்னொரு கரண்டி விழும்.
அறிக்கையும் அதையே சொன்னது:
நூறு பேரில் ஏழு பேர்தான் நின்றார்கள்.

அந்த ஏழில் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

தனேஸ்வரி, பின்வரிசை வீடு,
தோட்டத்தில் உரம் போடுகிறாள்.
பள்ளி திறக்கும் வாரம் அவளுக்கு வந்தது:
'இந்த மாதம் இது உங்கள் மூன்றாவது சப்பாத்து.
முன்பு வாங்கியதைப் பயன்படுத்தலாமே?'
இரண்டு வரி. எட்டு வெள்ளி.
அவளுக்குப் பிள்ளைகள் மூன்று, கைப்பேசி ஒன்று.
"அதுக்கே தெரிஞ்சிருச்சுக்கா, நான் ரொம்ப வாங்குறேன்னு"
என்று சிரித்தாள்.
கூடையைக் காலி செய்துவிட்டாளாம்.

கடைக்குட்டி கவினேஷ்
அண்ணனின் பழைய சப்பாத்தில் காகிதம் திணித்து
பஸ்ஸுக்கு ஓடுவதை மாடியிலிருந்து பார்த்தேன்.
கால் முன்னால் போனது,
சப்பாத்து கொஞ்சம் யோசித்துப் பின்னால் போனது.

அந்த வரியை எழுதியது நான்தான் என்று
அவளிடம் சொல்லவில்லை.

பைசுராவுக்கு ஒரு வரி அனுப்பினேன்,
இதற்குக் காசு வேண்டாம் என்று சேர்த்து.
எண்ணிக்கையை எடுத்துவிடு. இதைக் கேள்:
யாருக்கு?
நாலெழுத்து, தாராளமாக உட்காரும்.
அது சட்டப் பிரிவுக்குப் போயிருக்கிறது.
தனிப்பட்ட தகவலாம்.

இரவு ஒன்றரை.
என் கூடையில் மேசைவிளக்கு, நாலாவது.
பாதி விலை, விடியும்வரை மட்டும்.
வரி வந்து நின்றது:
'இந்த பொருள் உங்களிடம் மூன்று உள்ளது.'
இந்தவுக்குப் பின்னால்
ஒரு ப் விட்டுப்போயிருப்பதை
இப்போதுதான் கவனித்தேன்.
காலையில் திருத்தக் குறித்து வைத்தேன்.

விளக்கு வியாழக்கிழமை வரும்.