பன்னிரண்டாவது நிமிடம்

செட்டிநாட்டில், சண்டைக் காலத்து ஓடுதளத்துக்குக் கிழக்கே
மூடிப்போன ரைஸ்மில் கொட்டகை.
உமி வாசம் இன்னும் போகாத தரையில்
உமையாள் ஏலத்தில் எடுத்த விமானம் நிற்கிறது.
ஐம்பத்தாறில் பெங்களூரில் பிறந்தது.
முன்னே ஓர் இருக்கை, பின்னே ஓர் இருக்கை,
இரண்டுக்கும் தனித்தனிக் கைப்பிடி:
ஒருவன் தப்புச் செய்ய, ஒருவன் திருத்த.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.
"சீட்டு விழுந்தது" என்றார்.

லாக் புத்தகத்தில் மசி மங்கிய வரி:
'கடுமையான தரையிறக்கம். இடது கால் பார்க்கவும்.'
மூன்று நாள் தள்ளி, அதே கையெழுத்து:
'மறுபடியும்.'

என்ஜின் தலைகீழ். சிலிண்டர் நான்கும்
வவ்வால் மாதிரி தரை பார்த்துத் தொங்கும்.
ராத்திரி முழுக்க ஆயில் இறங்கித் தேங்கும்.
காலையில் சுவிட்சைத் தொடுமுன்
காற்றாடியைக் கையால் எட்டுச் சுற்று.
எங்காவது முரண்டினால் நிறுத்து,
பலம் காட்டாதே, உள்ளே ராடு வளைந்துவிடும்.
விமானப்படையில் ஒரு வருஷம் திட்டு வாங்கி நான் படித்தது இது.
ரசூல்தீனுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது,
பள்ளத்தூர் டிராக்டர் அத்தனையும் அவன் கை பட்டவை.

நோய் இதுதான்.
ஓடவிட்டால் பன்னிரண்டு நிமிடம் ஒரு குறையில்லை.
பிறகு ஓர் இருமல். இன்னொன்று.
அப்புறம் மாட்டுப்பண்ணையின் சத்தம் மட்டும்.
கால் மணி கழித்துச் சுற்றினால்
சட்டினியைக் கொட்டிவிட்டுக் கை கழுவிய பிள்ளைபோல
ஒன்றும் நடக்காத முகத்தோடு கிளம்பும்.

சூட்டில் மாக்னெட்டோ காயில் கைவிடும் என்றேன்.
இரண்டையும் இறக்கினோம். கண்டென்சர் மாற்றினோம்.
எட்டு பிளக்கும் முட்டை அட்டையில் நின்றன.
கார்புரேட்டர் ஜெட்டை வெயிலுக்குத் தூக்கினேன்,
அதற்குள் ஒரு சூரியன், எறும்பு முட்டையளவு, சுத்தமாக.

பன்னிரண்டு நிமிடம்.

உமையாள் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.
'மாக்னெட்டோ வேலை, பதினெட்டாயிரம்' என்று எழுதி
பேனாவை மூடுவார், டக்கென்று.
ராத்திரி கோட்டையூருக்குப் போகும் பஸ்ஸிலும்
அந்த டக்.

ஒவ்வொரு தடவை நின்றதும்
ரசூல்தீன் டேங்க் மூடி திறந்து குச்சி விட்டு அளப்பான்.
உஸ் என்னும்.
சித்திரை வெயிலில் எந்த டேங்கும் உஸ் என்னும்;
காதில் போட்டுக்கொள்ளவில்லை.
பதினோராம் நாள் அவன் கையிலிருந்த பஞ்சுக் கழிவு
திறந்த வாயில் போய் ஒட்டிக்கொண்டது.
"அண்ணே, இது ஊதலே. உறிஞ்சுது."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

காற்றுக் குழாயில் சைக்கிள் கம்பியை விட்டோம்.
வந்தது செம்மண், காரையாய் இறுகி.
உடைத்தால் உள்ளே மூன்று பச்சைப் புழுக்கள்,
சாகவுமில்லை, அசையவுமில்லை.
மேலே நொய்யளவு ஒரு முட்டை.
குளவி.
உள்ளே போக வேண்டிய காற்றை அது அடைத்திருக்க,
பெட்ரோல் போகப்போக டேங்க் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறது.
நோயைப் பார்க்க நாங்கள் மூடி திறந்தோம்,
திறந்ததில் நோய் போனது.
பத்து நாளும் வைத்தியம் பார்த்துக்கொண்டே
வியாதியைத் தேடியிருக்கிறோம்.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்குமாமே என்றான் ரசூல்தீன்.
"எனக்கு நாற்பத்தொன்பது" என்றார் உமையாள்,
சிரித்துவிட்டார், கொட்டகைத் தகரம் அதிர.

குழாய் வாயில் செப்பு வலை கட்டினேன்.
எட்டுச் சுற்று. சுவிட்ச்.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பதினான்கில் அவர் பேனா திறந்து
'சைக்கிள் கம்பி, ஒன்று' என்றெழுதி
தொகைக்கு நேரே கோடு போட்டார்.

இருபதில் அணைத்தேன். குனிந்தால்
இடது காலடியில் ஆயில், எட்டணா அகலத்துக்கு.
லாக் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு,
'மறுபடியும்' என்று எழுதினேன்.

குளவி வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது,
வாயில் ஈரமண் உருண்டையோடு.
பிறகு ரசூல்தீனின் பைக் சாவித் துவாரம் பக்கம் போனது.
நான் அவனிடம் சொல்லவில்லை.