யூபி, மாலை ஐந்தரை

சாவியை என்னிடம் வீசிவிட்டு
கோப்பிக்கடைக்குப் போனார் மிஸ்டர் குவெக்.
அது என் பையில் இருக்கும்வரை
வண்டிக்கு நான்தான் முதலாளி.

பின்பம்பருக்கடியில் தண்ணீர் பீய்ச்சினேன்.
யாரோ கால் நீட்டியதாக எண்ணிக்கொண்டு
தானே எழுந்தது டிக்கி,
பீப் பீப் என்று மரியாதையாய்.

உள்ளே மடக்கிய சக்கர நாற்காலி.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
கைப்பிடியில் விலைச்சீட்டு.

நான் ஒன்றும் கேட்கலையே அப்பனே.

மூடினேன். துடைக்கக் குனிந்தேன்.
மறுபடி திறந்துகொண்டது.

சாவியைக் கொண்டுபோய்
தூரத்து வாளிமேல் வைத்துவிட்டு வந்தேன்.
என்னை யாரென்றே தெரியாததுபோல்
நின்றது பிறகு.

இரு கையிலும் டாபாவ் பொட்டலங்களோடு வந்தவரின்
சட்டைப்பையில் நானே சாவியைப் போட்டேன்.
காலை நீட்டினார்.
திறந்தது.
நாற்காலிக்கு முட்டுக்கொடுத்துக்
கஞ்சியை வைத்தார்,
சிந்தாமல்.