பத்து மணி, இரண்டு மணி

பார்சலில் வந்தது நாலு துண்டு.
ஒன்றில் ஒன்றைச் செருகினால் ஒன்பதடி.
என் ஆரி ஊசிப் பெட்டியைவிட எடை குறைவு.
"இத வச்சு என்ன பிடிக்க, மச்சான்?"
"ட்ரவுட்."
"அது நம்ம ஆற்றங்கரையில இல்லையே."
"ஆறு இருக்குல்ல" என்றார்
நியூசிலாந்தில் ஏதோ ஓர் ஓடைக்கரை விடுதியில்
முட்டை பொரித்துக்கொண்டே.

இருக்கிறதுதான்.
மதுரையில் பேரெடுத்து,
பெரிய கண்மாயில் பாதிக்குமேல் இறக்கிவிட்டு,
மிச்சத்தைக் கடலிடம் கணக்கு ஒப்படைக்க
வைகை எங்கள் ஊருக்குத்தான் வரும்.
அநேக மாதங்கள் கணக்கு பூஜ்யம்.
கடலே மேலேறி வந்து
ஆறு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

எனக்கு பஜ்ர் முடிந்த நேரம், அவருக்கு உச்சிப்பகல்.
போனை ஒரு கவிழ்த்த வள்ளத்தில் சாய்த்துவைத்தேன்.
"கடிகாரத்துக்குள்ள நிக்கிறதா நெனச்சுக்க.
உன் தலை பன்னிரண்டு.
பின்னால இரண்டுல நிறுத்து.
கயிறு நீளுற வரைக்கும் பொறு.
அப்புறம் முன்னால பத்து."
"எந்த ஊர் மணி?"
அவர் சிரிக்கவில்லை. பொறு என்றார் மறுபடி.

பொறுக்கவில்லை.
முதல் நாள் பிடித்தது என் முக்காட்டை.
மறுநாள் உடைமரம்.
மூன்றாம் நாள் முத்திருளாயியின் நண்டுக் கூடை,
ஏழு நண்டோடு.
"மாடு ஓட்டுறியா தாயி?" என்றாள்,
மாடு இல்லாத பக்கமெல்லாம் பார்த்துவிட்டு.

வாடை முகத்துக்கு நேரே அடித்த இரண்டு மாதம்
வீசியதெல்லாம் என்னிடமே வந்து சேர்ந்தது.
பங்குனியில் கடல் எண்ணெய்ச் சட்டிபோல் கிடந்தபோது
முதல் தடவை
கயிறு பின்னால் போய், நின்று,
ஒரு மூச்சு யோசித்து,
முன்னால் போய்ச் சத்தமில்லாமல் படுத்தது.
மீனில்லை. ஆனாலும்
சுற்றிலும் யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன்.

அவர் அனுப்பிய டப்பாவில்
கம்மல் அளவில் ஈ, தும்பி, பேர்தெரியாத பூச்சிகள்.
எங்கள் மீன் ஈ தின்று வளர்ந்ததில்லை.
முரல் மட்டும் வந்தது. கொத்தியது. போனது.
நீள அலகு, எலும்பாலான குறடு;
முள் அதில் எங்கே இறங்கும்?

"நீங்க எத்தனை பிடிச்சீங்க?"
அங்கே ஏதோ தாளிக்கும் சத்தம்.
"சன்னல் வழியா பார்த்ததுதான்.
வர்றவுங்க பிடிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க,
திரும்ப விட்டுருவாங்க."
"அப்ப எதுக்குப் பிடிக்கிறாங்க?"
"அதக் கேக்குற அளவுக்கு
எனக்கு இங்கிலீஷ் வரல, புள்ள."

அன்று இரவு ரவிக்கை ஓரம் தைக்கையில்
விரல்வெடிப்பில் பட்டுநூல் மாட்டிக்கொண்டு
இழுக்க இழுக்க வரவில்லை.
முரலின் வாய் ஞாபகம் வந்தது:
ரம்பம் ரம்பமாய்ப் பொடிப் பல்.

வெள்ளைப் பட்டு, முறுக்குப் பிரித்து ஒரு கொத்து.
கீழக்கரைக் கல்யாணப் பெண்ணின்
வெள்ளிச் சரிகையில் ஒரு சாண்.
சூடைக்குஞ்சுபோல் தலை கட்டி, வால் சீவி,
முள் வைக்காமல் விட்டேன்.

பத்து. இரண்டு. பொறு. பத்து.
தண்ணீர் கிழிந்தது.
கொத்திய முரல் விடப்பார்த்தது, முடியவில்லை;
பல்லெல்லாம் பட்டு.
தடி கூனி, என் முழங்கை நடுங்கி,
நீருக்குமேல் வாலால் நடந்து வந்தது அது,
கோபமான ஒரு நீள ஊசி.

"முள்ளில்லாமலா?" முத்திருளாயி கூடையை இறக்கிவைத்தாள்.
"முள்ளு உள்ளேதான் இருக்கு" என்றேன்.
ஆணத்தில் வெந்தபிறகும் பச்சை நிறம் மாறாத முள்.
தட்டோரம் அடுக்கிப் படமெடுத்து அனுப்பினேன்.
அவர் தூங்கியிருப்பார்.

சரிகை கந்தலாகிவிட்டது, நாளைக்கு வேறு கட்டணும்.
ரவிக்கையில் இடதுகை உள்ளோரம் ஒரு சாண் குறைகிறது.
மாப்பிள்ளை வீட்டார் அதுவரை
பார்க்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.